தூக்கணாங்குருவி ஆய்வும் சாலிம் அலியும்

சாலிம் அலி (1896–1987) இந்தியப் பறவையியலின் முன்னோடி ஆய்வாளர். பறவைக் கையேடுகளின் ஆசிரியராகவும், சரணாலயங்கள் அமையப் பாடுபட்டவராகவும் பரவலாக அறியப்படுபவர். இந்தியாவில் பறவைகளின் நடத்தையை முறையாக ஆராய்ந்த தொடக்கப் பணிகளுள் ஒன்றும் அவருடையதே. 1930ஆம் ஆண்டு மழைக்காலத்தில், வேலை இழந்திருந்த நிலையில், மும்பைக்குத் தெற்கேயுள்ள கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில் அவர் தூக்கணாங்குருவிகளைக் கவனித்தார். அடுத்த ஆண்டு வெளியான அந்த ஆய்வு, ஊர்தோறும் காணப்பட்ட ஓர் எளிய பறவையைப் பற்றி நிலவிய பல எண்ணங்களை மாற்றியது.

தூக்கணாங்குருவி அடர்ந்த காட்டுப் பறவை அன்று. வயலும் பனையும் முள்மரமும் கிணறும் உள்ள திறந்த வெளியே அதன் வாழிடம். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் வறண்ட நிலம் அத்தகையது. அந்த நிலத்தை மனத்தில் கொண்டு பார்த்தால் சாலிம் அலியின் ஆய்வும், அதைத் தொடர்ந்து வந்த ஆய்வுகளும் தெளிவாக விளங்கும்.

வறண்ட நிலமும் நெசவுப் பறவையும்

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் உள்ளன. 1985 வரை இவை பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் அமைந்திருப்பதால் தென்மேற்குப் பருவமழை இங்கு குறைவு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழையை நம்பியே பெரும்பாலான வேளாண்மை நடந்துவந்தது. கரிசல் மண்ணில் பருத்தி, சோளம், கம்பு, பயறு வகைகள், மல்லி, மிளகாய் ஆகியவை மானாவாரியாகப் பயிரிடப்படுகின்றன. திருச்சுழி குண்டாற்றின் கரையில் உள்ளது. ஆற்றில் நீர் ஓடும் நாட்கள் குறைவு. ஊருக்கு ஊர் வெட்டப்பட்ட கண்மாய்களே நீரைத் தேக்கி வைப்பவை.

அருப்புக்கோட்டை நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். அதன் சுற்றுப்புறக் கிணறுகளிலும் கண்மாய்க் கரைகளிலும் நெசவு செய்யும் பறவை தூக்கணாங்குருவி. ஊர்க்குருவி அளவே உள்ள இது, சுமார் 15 செ.மீ. நீளமுடையது. மற்றக் காலங்களில் ஆணும் பெண்ணும் ஒன்றுபோல மங்கிய பழுப்பு நிறத்தில் இருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் உச்சந்தலையும் மார்பும் பளிச்சென்ற மஞ்சளாகும். முகம் கருமையாகும்.

இப்பறவை தமிழருக்கு நெடுங்காலமாக அறிமுகமானது. சங்கப் பாடல்களில் இது தூங்கணங்குரீஇ என்னும் பெயரால் குறிக்கப்படுகிறது. மழையில் நனைந்த குரங்குக்கு அறிவுரை கூறித் தன் கூட்டை இழந்த தூக்கணாங்குருவியின் கதை விவேக சிந்தாமணியில் இடம்பெற்றுப் பலராலும் சொல்லப்படுவது. கூட்டின் அழகும் உறுதியும் எல்லோரும் அறிந்தவை. அந்தக் கூட்டைச் சுற்றி நடக்கும் வாழ்க்கைதான் அறியப்படாமல் இருந்தது.

ஆய்வுக்கு முந்தைய நிலை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியப் பறவையியல் பெரும்பாலும் ஆங்கில அலுவலர்கள், மருத்துவர்கள், படைவீரர்கள் ஆகியோரின் ஓய்வுநேரப் பணியாக இருந்தது. பறவையைச் சுட்டு, தோலை உரித்துப் பாடம் செய்து, அளந்து, பெயரிட்டு அருங்காட்சியகத்தில் வைப்பதே அதன் மைய வேலை. ஒரு நாட்டில் என்னென்ன பறவைகள் உள்ளன என்பதை அறிய அப்பணி இன்றியமையாததாக இருந்தது. ஆனால் பாடம் செய்த தோல், பறவை எப்படி வாழ்ந்தது என்பதைச் சொல்லாது.

சென்னை மாகாணப் படையில் மருத்துவராகப் பணியாற்றிய டி. சி. ஜெர்டன் 1862 முதல் 1864 வரை வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய நூல் அக்காலத்தின் முதன்மையான படைப்பு. தூக்கணாங்குருவிக் கூட்டுக்குள் ஒட்டப்பட்டிருக்கும் மண் உருண்டைகளை அவர் கவனித்து எழுதினார். காற்றில் கூடு ஆடாமல் நிலைநிற்க அந்த எடை உதவலாம் என்று கருதினார். மின்மினிப் பூச்சியைப் பிடித்து அந்த மண்ணில் ஒட்டவைத்துக் குருவி தன் வீட்டுக்கு விளக்கேற்றுகிறது என்பது மக்கள் நம்பிக்கை. இந்தியாவின் பல மொழிகளிலும் இக்கதை உண்டு.

மற்றொரு புதிர், பாதி கட்டி விடப்பட்ட கூடுகள். ஒரே மரத்தில் முழுமையான கூடுகளுக்கு நடுவே, முட்டையறை முடியாமல், நுழைவுக் குழாயும் இல்லாமல் பல கூடுகள் தொங்கும். அவை ஆண் பறவை ஓய்வெடுக்கும் ஊஞ்சல்கள் என்று பலர் விளக்கினர். பெண் அடைகாக்கும்போது ஆண் அருகிலிருந்து பாடுவதற்காகக் கட்டியது என்றும் கூறப்பட்டது. ஒரு கூட்டத்தில் எந்த ஆண் எந்தக் கூட்டைக் கட்டியது, எந்தப் பெண் எங்கே நுழைந்தது என்பதை நாள் தவறாமல் பதிவு செய்யாதவரை இவ்விளக்கங்களைச் சோதிக்க வழியில்லை.

இளமையும் பயிற்சியும்

சாலிம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12 அன்று மும்பையில் பிறந்தார். மிக இளம் வயதிலேயே பெற்றோரை இழந்து, தாய்மாமன் அமிருதீன் தியாப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது பொம்மைத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. அது என்ன பறவை என்று அறிய அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு மாமா அனுப்பினார். 1883இல் தொடங்கப்பட்ட அக்கழகத்தின் செயலாளர் டபிள்யூ. எஸ். மில்லார்ட், மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று அதை அடையாளம் கூறி, கழகத்தில் இருந்த பாடம் செய்த பறவைகளைச் சிறுவனுக்குக் காட்டினார். இந்நிகழ்வை நினைவுபடுத்தும் வகையிலேயே 1985இல் வெளிவந்த தன் வரலாற்றுக்குச் சாலிம் அலி 'ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பை வைத்தார்.

கல்லூரிப் படிப்பு அவருக்கு எளிதாக அமையவில்லை. இடையில் படிப்பை விட்டு, குடும்பத்தினரின் சுரங்க, மரத் தொழிலைக் கவனிக்கப் பர்மாவின் தவாய் பகுதிக்குச் சென்றார். தொழிலைவிடக் காட்டுப் பறவைகளே அவரை ஈர்த்தன. 1917இல் மும்பை திரும்பி, புனித சேவியர் கல்லூரியில் விலங்கியல் பயின்றார். 1918இல் தெமினா பேகத்தை மணந்தார். பல்கலைக்கழக உயர்பட்டம் இல்லாததால் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பறவையியலாளர் பணி அவருக்குக் கிடைக்கவில்லை. 1926இல் மும்பை வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளராகச் சேர்ந்தார்.

1928இல் விடுப்பு எடுத்து ஜெர்மனி சென்றது அவர் வாழ்வின் திருப்புமுனை. பெர்லின் பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரேசமானிடம் அவர் பயிற்சி பெற்றார். பறவை வகைப்பாட்டியலில் உலகப் புகழ் பெற்றிருந்த ஸ்ட்ரேசமான், பறவையின் உடலியல், நடத்தை, வலசை, சூழல் அனைத்தும் பறவையியலின் பகுதிகளே என்று வலியுறுத்தியவர். பறவை நடத்தையியலின் தொடக்கக்கால அறிஞரான ஆஸ்கர் ஹைன்ரோத்தின் தொடர்பும் சாலிம் அலிக்குக் கிடைத்தது. ஹெலிகோலாண்ட் தீவின் பறவை ஆய்வு நிலையத்தில், பறவைகளின் காலில் வளையமிட்டு வலசையை அறியும் முறையைக் கற்றார். கான்ராட் லோரன்ஸ், நிக்கோ டின்பெர்கன் ஆகியோர் விலங்கு நடத்தையியலைத் தனி அறிவியலாக நிலைநாட்டுவதற்கு முந்தைய காலம் அது.

கிஹிம், 1930

1930இல் இந்தியா திரும்பியபோது அருங்காட்சியகத்தில் அவர் பணியிடமே இல்லை. நிதிப் பற்றாக்குறையால் அது நீக்கப்பட்டிருந்தது. மும்பையில் குடும்பம் நடத்துவது கடினமானது. தெமினாவுடன் கிஹிம் கிராமத்துக்குக் குடிபெயர்ந்தார். ஆய்வுக்கூடமோ உதவியாளரோ ஊதியமோ இல்லை. ஆனால் வீட்டுக்கு அருகில் தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. நேரமும் இருந்தது.

மழைக்காலம் முழுவதும் அவர் அந்தக் கூட்டத்தைக் கவனித்தார். எந்தக் கூடு எப்போது தொடங்கியது, எந்த நிலையில் பெண் வந்தது, அதன்பின் ஆண் என்ன செய்தது ஆகியவற்றைக் குறித்தார். தனிக்கூட்டைப் பார்த்தால் தெரியாத ஒழுங்கு, முழுக் கூட்டத்தையும் தொடர்ந்து பார்த்தபோது தெரிந்தது. முடிவுகள் 1931இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளியாயின.

ஆய்வு வெளிப்படுத்திய வாழ்க்கைமுறை பின்வருமாறு அமைந்தது. முதலில் ஆண் பறவைகள் ஒரு மரத்தைத் தேர்ந்து கூடுகளைத் தொடங்குகின்றன. நெற்பயிர், நீளமான புல், பனை ஓலை ஆகியவற்றிலிருந்து நாரைக் கிழித்து எடுத்து வந்து கிளை நுனியில் சுற்றி முடிச்சிடுகின்றன. அதிலிருந்து ஒரு வளையம் உருவாகிறது. வளையத்தின் மேற்பகுதி வளர்ந்து தலைக்கவசம் போன்ற வடிவம் பெறுகிறது. இந்த நிலையில் ஆண் கட்டுமானத்தை நிறுத்திவிட்டு, கூட்டில் தொங்கியபடி சிறகடித்துக் கூவி அழைக்கிறது.

அப்போது பெண் பறவைகள் கூட்டமாக வருகின்றன. கூடு கூடாக ஏறி உள்ளே நுழைந்து, அலகால் இழுத்துப் பார்க்கின்றன. ஒரு கூட்டை ஒரு பெண் ஏற்றுக்கொண்டால், அதை உருவாக்கிய ஆணுடன் இணைகிறது. அதன் பிறகே ஆண் முட்டையறையை மூடி, நீண்ட நுழைவுக் குழாயை நெய்து முடிக்கிறது. ஏற்கப்படாத கூடு பாதியில் நிற்கிறது. பாதிக் கூடுகளின் புதிர் இவ்வாறு அவிழ்ந்தது. அவை ஊஞ்சல்களாகக் கட்டப்பட்டவை அல்ல. பெண்களின் தேர்வுக்காக முன்வைக்கப்பட்ட கூடுகள்.

பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும் ஆண் அருகிலேயே அடுத்த கூட்டைத் தொடங்குகிறது. அதை மற்றொரு பெண் ஏற்றால் அதனுடனும் இணைகிறது. இவ்வாறு ஒரே பருவத்தில் ஓர் ஆண் ஒன்றன்பின் ஒன்றாகப் பல பெண்களுடன் இணையலாம். ஒரு பெண்ணாலும் ஏற்கப்படாத ஆண்களும் உண்டு. அடைகாப்பது பெண் மட்டுமே. குஞ்சுகளுக்கு இரை ஊட்டுவதும் பெரும்பாலும் அதன் வேலையே. இரண்டு முதல் நான்கு வரையிலான வெண்ணிற முட்டைகள் சுமார் இரண்டு வாரங்களில் பொரிக்கின்றன. மேலும் ஏறத்தாழ 17 நாட்களில் குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளியேறுகின்றன.

குடும்பமாக வாழும் உழைப்பாளி என்று கருதப்பட்ட ஆண் குருவி, வேறு வகையான உழைப்பாளி என்பது தெளிவானது. கூடு கட்டுவது ஆணின் திறன். ஆனால் எந்தக் கூட்டில் அடுத்த தலைமுறை பிறக்க வேண்டும் என்று முடிவு செய்வது பெண்ணின் தேர்வு. துணையைத் தேர்வதில் பெண்ணின் பங்கை டார்வின் 1871இலேயே வலியுறுத்தியிருந்தார். அவர் காலத்திலும் பின்னரும் அறிஞர் பலர் அதை ஏற்கத் தயங்கினர். அந்தத் தேர்வு இயற்கைச் சூழலில் நாள்தோறும் நடப்பதைக் கிஹிம் குறிப்புகள் காட்டின.

கள ஆய்வுகளும் நூல்களும்

தூக்கணாங்குருவி ஆய்வு சாலிம் அலிக்கு அறிவியல் உலகில் பெயர் தந்தது. பிழைப்புக்கு வழி தரவில்லை. அவர் வேறு ஒரு திட்டத்தைக் கண்டார். சுதேச சமஸ்தானங்கள் செலவை ஏற்றால், ஊதியம் பெறாமல் அவற்றின் பறவைகளை ஆய்வு செய்து தருவதாக முன்வந்தார். 1931 முதல் ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி, மைசூர் உள்ளிட்ட பல சமஸ்தானங்களில் கள ஆய்வுகள் நடந்தன. தென்னிந்தியப் பறவைகளில் வல்லுநரான ஹக் விஸ்லர் இங்கிலாந்திலிருந்து அவருக்கு வழிகாட்டினார். சென்னை மாகாணத்தின் பறவைகள் அதே காலகட்டத்தில் வெர்னே கிழக்குத் தொடர்ச்சி மலை ஆய்வின் மூலம் பதிவாயின. அதன் பறவையியல் முடிவுகளை விஸ்லரும் என். பி. கின்னியரும் எழுதினர்.

இந்த ஆய்வுகளில் சாலிம் அலியும் மாதிரிகளுக்காகப் பறவைகளைச் சுட்டார். அறிவியல் சேகரிப்பு தேவை என்பது அவர் நிலைப்பாடு. அதே சமயம் அவருடைய குறிப்புகளில் பறவையின் அளவுகளுடன் அதன் இரை, கூடு, குரல், வாழும் மரம், பருவம் ஆகியவை இடம்பெற்றன. பூக்களில் தேன் உண்ணும் பறவைகள் மகரந்தச் சேர்க்கைக்கு உதவுவதைப் பற்றி 1932இல் அவர் எழுதிய கட்டுரை, பறவையையும் தாவரத்தையும் ஒரே சூழலின் உறுப்புகளாகக் கண்டது.

கடினமான பயணங்களில் தெமினா உடன் சென்றார். 1939இல் ஒரு சிறு அறுவை சிகிச்சைக்குப் பின் அவர் இறந்தார். சாலிம் அலி சகோதரியின் குடும்பத்துடன் வாழத் தொடங்கினார். 1941இல் வெளியான இந்தியப் பறவைகள் நூல், படத்தைப் பார்த்துப் பறவையை அடையாளம் காணும் பழக்கத்தைப் பொதுவாசகரிடம் கொண்டு சேர்த்தது. அமெரிக்க அறிஞர் எஸ். டில்லன் ரிப்ளியுடன் இணைந்து எழுதிய இந்திய, பாகிஸ்தான் பறவைகள் கையேடு 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது.

தொடர்ந்து வந்த ஆய்வாளர்கள்

கிஹிமில் தொடங்கிய கேள்வியைச் சாலிம் அலி கைவிடவில்லை. அவருடைய மாணவர் வி. சி. அம்பேத்கர் இந்திய நெசவுப் பறவைகளின் இனப்பெருக்கத்தை விரிவாக ஆராய்ந்தார். அந்த ஆய்வு 1964இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தால் நூலாக்கப்பட்டது. தலைக்கவச நிலையை எட்டச் சுமார் எட்டு நாட்களும், கூட்டை முழுமையாக்க மொத்தம் ஏறத்தாழ 18 நாட்களும் ஆகும் என்றும், ஒரு கூட்டுக்காக ஆண் சுமார் 500 முறை நார் சுமந்து வரலாம் என்றும் நெசவுப் பறவை ஆய்வுகள் கூறுகின்றன.

பிரித்தானிய ஆய்வாளர் ஜான் குரூக் 1960இல் தூக்கணாங்குருவியின் இனப்பெருக்க நடத்தை பற்றிய ஆய்வை வெளியிட்டார். பின்னர் ஆப்பிரிக்க, ஆசிய நெசவுப் பறவை இனங்கள் பலவற்றை ஒப்பிட்டு 1964இல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார். காட்டில் பூச்சி உண்டு வாழும் இனங்கள் பெரும்பாலும் தனித்தனியாக, இணையாக வாழ்கின்றன. திறந்த புல்வெளியில் விதை உண்ணும் இனங்கள் பெரும்பாலும் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. அவற்றில் ஓர் ஆண் பல பெண்களுடன் இணைவது வழக்கம். உணவும் வாழிடமும் ஒரு பறவையின் சமூக அமைப்பையே தீர்மானிக்கின்றன என்பது குரூக்கின் முடிவு. நடத்தைச் சூழலியல் என்னும் துறையின் அடித்தளங்களுள் ஒன்றாக இந்த ஆய்வு கருதப்படுகிறது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற நிலங்களில் இந்த விளக்கத்தின் பொருள் கண்முன் தெரியும். மழை பெய்தபின் புல்லும் கம்பும் சோளமும் ஒரே சமயத்தில் கதிர் பிடிக்கின்றன. உணவு ஓரிடத்தில் குவிந்து கிடைக்கிறது, சில வாரங்களில் தீர்ந்துவிடுகிறது. அத்தகைய உணவைத் தனி எல்லை வகுத்துக் காப்பதில் பயனில்லை. பாதுகாப்பாகக் கூடு கட்டக்கூடிய மரங்களும் குறைவு. ஆகவே பறவைகள் சில மரங்களில் நெருங்கிக் கூடு கட்டுகின்றன. உணவு மிகுந்த அந்தக் குறுகிய காலத்தில் பெண் தனியாகவே குஞ்சுகளை வளர்க்க முடிவதால், ஆண் தன் நேரத்தை அடுத்த கூட்டில் செலவிட முடிகிறது.

பெண் எதைப் பார்த்துத் தேர்கிறது என்ற கேள்வி பின்னும் எஞ்சியிருந்தது. நெசவின் நேர்த்தியை என்பதே இயல்பாகத் தோன்றும் விடை. சுஹேல் குவாடர் 2006இல் வெளியிட்ட ஆய்வு வேறு விடையைத் தந்தது. கூட்டின் கட்டுமானத்தைவிட அது அமைந்த இடமே பெண்ணின் தேர்வில் முதன்மையாக இருந்தது. உயரத்தில், மெல்லிய கிளைகளில் தொங்கும் கூடுகள் விரும்பப்பட்டன. பாம்பும் பிற எதிரிகளும் எளிதில் எட்ட முடியாத இடம் குஞ்சுகளின் உயிரைக் காக்கிறது. ஒரு கூட்டத்தை ஒரு பருவம் கவனித்துச் சாலிம் அலி எழுப்பிய கேள்வி, எழுபது ஆண்டுகளுக்குப் பின் பல கூட்டங்களையும் கணக்கீட்டையும் கொண்டு விடை பெற்றது.

மண் உருண்டைகளின் பயன் பற்றிப் பல கருத்துகள் உண்டு. மின்மினி விளக்குக் கதைக்குக் கள ஆய்வில் ஆதரவு கிடைக்கவில்லை. ஆனால் குருவி கூட்டில் ஈரமண் ஒட்டுகிறது என்ற மக்களின் கவனிப்பு உண்மையானது. விளக்கம் தவறினாலும் கவனிப்பு தவறவில்லை.

வலசை ஆய்வும் தமிழ்நாடும்

ஹெலிகோலாண்டில் கற்ற வளையமிடும் முறையைச் சாலிம் அலி பின்னர் பெரிய அளவில் செயல்படுத்தினார். உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவுடன் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வலசை ஆய்வுத் திட்டம் 1959இல் தொடங்கியது. பறவைகளின் வழியாக நோய்க்கிருமிகள் பரவுகின்றனவா என்பதை அறிவதும் அதன் நோக்கங்களுள் ஒன்று.

தமிழ்நாட்டில் இத்திட்டத்தின் முதன்மையான களம் கோடியக்கரை. ஆசியாவின் வடபகுதிகளிலிருந்து வரும் உள்ளான்களும் பிற நீர்ப்பறவைகளும் அங்கு கூடுகின்றன. அதன் சிறப்பைச் சாலிம் அலி எடுத்துரைத்தார். 1967இல் கோடியக்கரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கழகத்தின் எஸ். பாலச்சந்திரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அங்கு வளையமிடும் பணியைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்தனர்.

1976இல் சாலிம் அலிக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது. 1985இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1987இல் மும்பையில் மறைந்தார். அவர் பெயரில் 1990இல் கோயம்புத்தூரில் பறவையியல், இயற்கை வரலாற்று மையம் நிறுவப்பட்டது. இந்த மையம் ஆனைகட்டியில் இயங்குகிறது.

கரிசல் நிலத்தில் எஞ்சியிருக்கும் கேள்விகள்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு எல்லையில் திருவில்லிபுத்தூர் மலைக்காடுகள் உள்ளன. கிழக்கே இராமநாதபுரம் மாவட்டத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைச் சரணாலயங்கள் உள்ளன. இவ்விரண்டும் 2022இல் ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. இவற்றுக்கு இடைப்பட்ட அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சமவெளிக்கு மலைக்காட்டின் பசுமையோ பெரிய ஈரநிலத்தின் கவர்ச்சியோ இல்லை. அரசு ஆவணங்களில் இத்தகைய நிலத்தின் பெரும்பகுதி தரிசு, புறம்போக்கு என்றே குறிக்கப்படுகிறது. வானம்பாடி, கௌதாரி, காடை, தூக்கணாங்குருவி ஆகியவற்றுக்கு அதுவே வீடு.

தூக்கணாங்குருவிக்கு மூன்று தேவைகள் உண்டு. நாருக்கு நீண்ட புல்லும் ஓலையும், உணவுக்கு விதையும் பூச்சியும், கூட்டுக்கு எதிரி எட்டாத கிளை. கரிசல் நிலத்தில் மூன்றும் மனிதரின் வேளாண்மையோடு பின்னியவை. திறந்த கிணற்றின் சுவரில் முளைத்து நீரின்மேல் சாய்ந்த மரம் குருவிக்கு மிகப் பாதுகாப்பான இடம். ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபின் திறந்த கிணறுகள் பல தூர்ந்தன. பனைகள் வெட்டப்பட்டன. சிறுதானியப் பரப்பு சுருங்கியது. மானாவாரி நிலங்களிலும் கண்மாய்களிலும் சீமைக்கருவேலம் படர்ந்தது.

இந்த மாற்றம் ஒரே திசையில் செல்வதன்று. முள் நிறைந்த கருவேல மரத்திலும் தூக்கணாங்குருவி கூடு கட்டும். தொலைபேசிக் கம்பியிலும் கட்டும். புதிய மரமும் கம்பியும் பழைய பனைக்கு ஈடாகின்றனவா, அங்கு எத்தனை குஞ்சுகள் பிழைக்கின்றன, மழை பிந்தும் ஆண்டில் கூட்டம் எப்போது கூடுகிறது ஆகியவை ஊர் ஊராகக் கவனித்தால் மட்டுமே விடை கிடைக்கும் கேள்விகள். கிஹிமில் பயன்பட்ட முறை இங்கும் பயன்படும். ஒரு மரம், ஒரு குறிப்பேடு, ஒரு பருவம் போதும். கூட்டுக்கு மிக அருகில் செல்லாமல், ஒவ்வொரு கூட்டுக்கும் எண் கொடுத்து, அது தொடங்கிய நாள், தலைக்கவச நிலையை எட்டிய நாள், குழாய் முடிந்த நாள், கைவிடப்பட்டதா என்பனவற்றை எழுதிவந்தால் பள்ளி மாணவரும் பயனுள்ள தரவை உருவாக்க முடியும். பழைய கூட்டையும் பறிக்காமல் விடுவது நல்லது. தூக்கணாங்குருவி விட்டுச்சென்ற கூடுகளில் சில்லைகள் குடியேறுவதுண்டு.

மதிப்பீடு

சாலிம் அலியின் வாழ்க்கையில் பெரும் பதவிகளும் விருதுகளும் பிற்காலத்தில் வந்தவை. தூக்கணாங்குருவி ஆய்வு அவருக்குப் பதவி இல்லாத காலத்தில் நடந்தது. எவரும் பார்க்கக்கூடிய பறவையை, எவரும் பார்க்காத அளவு தொடர்ந்து பார்த்ததே அதன் சிறப்பு. ஒரு கூட்டத்தின் பதிவுகளை அடிப்படையாகக் கொண்ட அவருடைய முடிவுகளைப் பின்வந்தவர்கள் விரிவுபடுத்தினர். அவர் தொடாத கேள்விகளுக்கும் விடை தேடினர்.

அரிய விலங்குகளுக்கும் அடர்ந்த காடுகளுக்கும் கிடைக்கும் கவனம் வறண்ட நிலத்தின் பொதுவான பறவைகளுக்குக் கிடைப்பதில்லை. பொதுவானவை குறைந்துவருவதை உடனே உணர்வதும் கடினம். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் வழியில் ஒரு கிணற்றின்மேல் தொங்கும் பாதிக் கூடு, ஒரு காலத்தில் பொருளற்ற வேலையாகத் தோன்றியது. அது பெண் பறவையின் முடிவுக்காகக் காத்திருக்கும் கூடு என்பது இன்று தெரியும். அந்தக் கிணறும் அந்தக் கிளையும் எத்தனை ஆண்டுகள் இருக்கும் என்பது மனிதரின் முடிவைப் பொறுத்தது.